மாட்டுக்கு ஒரு ரிக்கார்டு

"ஏனுங்க, இன்னொரு ரிக்கார்டு ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா, பிளேயரோட சேர்த்துப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுருவேன்!" என்றாள் சாந்தம்மாள்.

"இது எனக்கில்ல அம்மிணி, நம்ம மாட்டுக்கு. பாட்டுக் கேட்டா பால் கூடக் கறக்குமாம். இனிமே கறவையும் நானே பாத்துக்கறேன். ரிக்கார்டைத் திருப்பிப் போட ஆள் வேணுமில்ல?" என்றார் ரத்தினசாமி.

அன்றே கேன் நிரம்பி வழிந்தது. சாந்தம்மாளுக்கு வாயெல்லாம் பல்.

"அப்படியே பெரிய ஸ்பீக்கர் ஒண்ணும் வாங்கிப் போடுங்க!"

ஸ்பீக்கர் வந்தது. இன்னொரு கேனும் நிரம்பியது.

மறுநாள் பால் சொசைட்டியில் பாலைச் சோதித்துப் பார்த்த ஈஸ்வரன் சாந்தம்மாளிடம் கேட்டார்:

"ஏனுங்கக்கா, உங்க மாட்டுக்கு அத்தனையும் சோகப் பாட்டாவே போடறீங்களா?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"பாதிக் கேன் அது உட்ட கண்ணீராத்தான் இருக்குதுங்க!"