எதிர்ப்பக்கத்து மதில்

அடுப்படிச் சுவரில் சிவப்பு பெயின்ட் இன்னும் காயாமல் வழிகிறது. மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்த வந்திருக்கும் சர்வேயர் போடச் சொன்ன கோடு. போட்டவன், அளவு நாடாவின் முனையைப் பிடித்து நிற்கும் சாலைப் பணியாளன், அந்த வீட்டுக்காரியின் புருஷனேதான். அவள் வாசலுக்கு வந்து நின்று பார்க்கிறாள். வண்டிப்பாதை தார்ச்சாலையானபோது மாமனாரின் கிணறு போனது. பஸ் விட்டபோது முன்னறை போனது. எதிரே மில் முதலாளியின் மதில் மட்டும் பாசி படிந்து அசையாமல் நிற்கிறது. நேராக வரும் சாலை அதைக் கண்டதும் கூழைக்கும்பிடு போட்டு இந்தப் பக்கம் வளைகிறது.

“உள்ள போ. வேலை நேரத்துல வம்பு பண்ணாத,” என்கிறான் அவன், நிமிராமல்.

“உங்க வேலையத்தாங்க பண்ணப் போறேன்.”

நாடாவின் முனையை அவன் கையிலிருந்து பிடுங்குகிறாள். லாரிகள் ஹாரன் அடித்து நிற்க, சாலையைக் கடந்து அதை அந்த மதிலில் அழுத்திப் பிடிக்கிறாள்.

“சார், இந்தத் தடவை இங்கேருந்து அளங்க.”

நாடா வெயிலில் விறைத்து நிற்கிறது.

“யோவ், உன் சம்சாரத்தக் கூப்பிடுய்யா,” என்கிறார் சர்வேயர்.

அவன் கூப்பிடவில்லை. குனிந்து, பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி நடக்கிறான்.