பேருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்

சிதம்பரம் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை நீட்டினார் ராஜவேல்.

“அந்த பி.ஏ.வை எடுத்துடு தம்பி. இன்னும் ரிசல்ட் வரல” என்றாள் முத்தம்மாள். தபாலில் படித்த படிப்பு. அந்த இரண்டெழுத்துக்கு அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

“எல்லாரும் போட்டுக்கிறாங்கக்கா. பந்தியில யாரு சர்ட்டிபிகேட் கேக்கப் போறாங்க?”

“பாஸாகாமப் போட்டா பொய்யில்லையா?”

“ரிசல்ட்டுக்காகக் கல்யாணத்த நிறுத்தவா முடியும்? கடலூர் சம்பந்திக்கு வெறும் பேரே போதும், அடிச்சிடுங்க” என்றார் அவள் கணவர் தட்சிணாமூர்த்தி.

முத்தம்மாள் தலையாட்டினாள்.

மகள் அனுப்பிரியா குனிந்து மாதிரியைப் பார்த்தாள். “அண்ணா, பேருக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு அடிங்க. ரிசல்ட் வந்ததும் நம்ம வீட்டுப் பத்திரிகையிலயாவது நானே எழுதிடுறேன்.”

பக்கத்தில் காத்திருந்த பெரியவர் சிரித்தார். “கல்யாணப் பொண்ணுக்கு ஆசையப் பாரு!”

“எனக்கு பி.இ. போட்டாச்சு தாத்தா. இது எங்கம்மா பேருக்கு.”

முத்தம்மாள் மாதிரியை வாங்கி, தன் பேரை அடுத்திருந்த அந்த இடத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.