குழாய் திறந்த சத்தம்

குளியலறைக்குள் மறுபடியும் குழாய் திறந்தது. மரகதம் கையிலிருந்த புடவைக் கொசுவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.

தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இன்னொரு சீறல். அப்புறம் வாய் கொப்பளிக்கும் சத்தம், ஒன்றுக்கு நாலு தடவை.

மகனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இது தப்பாமல் நடக்கிறது. மருமகள் இளவேனில் உள்ளே போகும்போது கையில் ஒரு சின்ன நீலப் பையும் போகும். வெளியே வந்ததும் அது எங்கே போகிறது என்று மட்டும் மரகதத்தால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று போன மாதம் தெரிந்துபோயிற்று. அடுகோடியில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தாள். மாணவி ஒருத்தியிடமிருந்து பிடுங்கியதென்று ஆசிரியை ஒரு சாமானைக் காட்டினார். பேனா மாதிரி இருந்தது. உறிஞ்சினால் புகை வருமாம், சிகரெட் வாடை மட்டும் வராதாம். இளவேனிலின் ஆபீசும் அந்தப் பக்கம்தான்.

வேறு வீடாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மகன் யுவனுக்கு மூன்று வயதில் வந்த ஆஸ்துமா. ஜோகுபாளையத்தில் அவர்கள் வீட்டில் மட்டும் சாமிக்குக்கூட ஊதுவத்தி ஏற்றுவதில்லை.

மகன் தேறியபிறகும் மரகதம் சும்மா உட்காரவில்லை. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினாள். இன்ஹேலரைக் கையில் தூக்கிக் காட்டி, தமிழிலும் கன்னடத்திலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்: இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒளிக்காதீர்கள்.

அதற்காக இன்று அவளுக்கு மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி மரியாதை செய்கிறார்கள். ஆறு மணிக்கு விழா. 'ஆறு கண்டேகே ஸ்டார்ட் மேடம்' என்று காலையிலிருந்து மூன்று போன் வந்தாகிவிட்டது.

மேடையில் ஊருக்கெல்லாம் மூச்சைப் பற்றிச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் புகையை வைத்துக்கொண்டிருப்பதா? பெண் பார்க்க ஆம்பூர் போனபோது கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டுத்தானே வந்தாள். ஒன்றையும் விடவில்லை. பெண்ணின் அப்பா ஒவ்வொன்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னார். அந்தப் பளிச்சுதான் இப்போது உறுத்தியது.

இத்தனை நாள் ஏன் நேராகக் கேட்கவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. தன் சந்தேகம் நிஜமாக இருந்துவிட வேண்டும் என்று மனசின் ஒரு மூலை ஆசைப்படுகிறதோ என்றுகூடத் தோன்றியது. அந்த நினைப்பை உடனே தள்ளிவிட்டாள்.

தாழ்ப்பாள் திறந்தது. இளவேனில் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாமியாரைப் பார்த்ததும் கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"அந்தப் பையைக் குடு."

"எதுக்கு அத்தை?"

"எதுக்குன்னு உனக்கே தெரியும். வீசிங் இருக்கற புள்ளயக் கட்டிக்கிட்டு அவன் மூச்சோடயே விளையாடறியா?"

இளவேனிலின் முகம் வெளிறியது. பையை நீட்டினாள்.

ஜிப்பை இழுத்த மரகதத்தின் விரல் நின்றுவிட்டது. பேனா மாதிரி எதுவும் இல்லை. ஊதா நிறத்தில் ஒரு இன்ஹேலர். மருந்துச் சீட்டில் இளவேனில் என்று பெயர், கீழே காலை இரண்டு, மாலை இரண்டு.

மருந்தை இழுத்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். எத்தனை அம்மாக்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள்! நாலு மாதமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அடிப் பைத்தியமே. இதைப் போயா ஒளிச்ச? யுவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அவர்தான் அம்மாகிட்ட மட்டும் வேணாம்னு சொன்னார்."

"என்கிட்டயா? இருபது வருஷமா ஒளிக்காதீங்க, ஒளிக்காதீங்கன்னு ஊர் ஊரா கத்திட்டிருக்கேன். இன்னிக்கு எனக்கு சால்வை போடறதே அதுக்குத்தான். என்கிட்ட சொல்றதுக்கு என்ன பயம்?"

கீழே யுவன் காரை எடுத்துவிட்டு ஹாரன் அடித்தான். இளவேனில் மேஜையிலிருந்து ஊக்கை எடுத்தாள். மாமியாரின் தோளில் முந்தானை மடிப்பை நீவிச் சேர்த்து, முகத்தைப் பார்க்காமல் குத்தினாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்ப, 'உங்க பொண்ணுக்கு வீசிங் கீசிங் ஒண்ணும் இல்லையே'ன்னு முதல்ல கேட்டது நீங்கதான அத்தை."