கையுறைக்குள் ஒரு தயக்கம்

பழ ஈயின் மூளையைச் சிதையாமல் எடுக்கக் கற்றுக்கொள்வதற்குள் அருள்மொழியின் ஆராய்ச்சிப் படிப்பில் பாதி போய்விட்டது. அந்தக் கைத்திறமையை நம்பித்தான் இந்த நேர்காணலுக்கு வந்திருந்தாள்.

"உங்க கை எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கும்மா," என்று சிரித்தார் நேர்காணல் நடத்திய ஜெபமணி மேடம். "உங்க பல்கலைக்கழகத்துல போன வருஷமே உங்க கை அசைவைப் பதிவு பண்ணிக் கொடுத்துட்டாங்க. வந்து பாருங்க."

ஆய்வுக்கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மாட்டியிருந்த கையுறைகளே, அந்தப் பதிவின்படி, விரல்களை நடத்தின. ஒவ்வொரு கையிலும் சுண்டுவிரல் மட்டும் விறைத்து நின்றது. சிறுவயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து உடைந்த அருள்மொழியின் விரல் அது. அருள்மொழி தன் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். இனி இவர்களுக்கு நான் எதற்கு?

அப்போதுதான் கவனித்தாள். ஈயை அறுப்பதற்கு முன் எல்லாக் கைகளும் ஒரு கணம் நின்றன.

"இது ஏன் நிக்குதுன்னே தெரியலக்கா," என்றாள் அருகிலிருந்த பெண். "நேரம்தான் வீணாப் போகுது. பதிவுலேர்ந்து அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கோம்."

"நிக்கிறப்போ நீங்க என்ன நினைப்பீங்க?"

"மத்தியானம் என்ன சாப்பாடுன்னு."

அருள்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் அறுக்கும்போது, உள்ளே என்ன இருக்கும் என்று அந்தக் கணத்தில் அவள் தனக்குள் ஓர் ஊகம் சொல்லிக்கொள்வாள். பெரும்பாலும் அது தப்பாகிவிடும். ஏன் தப்பானது என்று தேடிப் போய்த்தான் அவள் ஆய்வேட்டையே எழுதினாள். ஆனால் விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை. அது ஒரு திறமை என்று அவளுக்கே தோன்றியதில்லை.

கையைத் துப்பட்டாவிலிருந்து வெளியே எடுத்தாள்.

"அதை எடுத்துடாதீங்க மேடம். கை நிக்கிறப்பதான் நான் வேலை பார்ப்பேன்."