விற்க மாட்டேன்

"இந்த மூஞ்சிக்குத் துப்பாக்கி ஒண்ணுதான் குறைச்சல்! உனக்கு நான் விக்க மாட்டேன். போ!"

கடைக்காரி வெர்னா போட்ட சத்தத்தில் துப்பாக்கிக் கடையே அதிர்ந்தது. அவளைத் தவிரக் கடையில் இருந்ததே மூன்று பேர்தான். திட்டு வாங்கிய கார்லீன், அவள் புருஷன் டேரல், அடுத்து நின்றிருந்த டெஸ்ஸா.

கார்லீன் அப்போதுதான் துப்பாக்கி வாங்குவதற்கான அரசாங்கப் படிவத்தைப் பூர்த்தி செய்து நீட்டியிருந்தாள். வெர்னா அதை ஒரு பார்வை பார்த்தாள். டிராயரில் போட்டு மூடினாள். உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய் கிழவி, பணம் குடுக்கறது நான். அந்தக் கறுப்பு நைன் எம்எம் துப்பாக்கியை எடுத்து வை," என்றான் டேரல்.

"நீ குடுத்தா என்ன? இவ சுட்டா இவ கால்லயே பட்டுக்கும். நாளைக்கு என் கடைப் பேருதான் நாறும். கிளம்புங்க."

"பைத்தியக்காரி! கென்டக்கியில உன் கடை ஒண்ணுதான் இருக்கா?" கதவை எட்டி உதைத்துவிட்டு வெளியேறினான். கார்லீன் குனிந்த தலை நிமிராமல் பின்னால் போனாள்.

டெஸ்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சட்டம் படிக்கிறவள் அவள். ஊர்க்கோடியில் தனியாக வாடகைக்கு இருக்கிறாள். போன வாரம் இரண்டு தடவை யாரோ பின்கதவை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் முதல் துப்பாக்கி வாங்க வந்திருந்தாள். ஒரு மணி நேரமாக வெர்னா அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "சின்னது கைக்கு அடக்கம்னு ஏமாறாதே கண்ணு, சுடும்போது அதுதான் எகிறும். கொஞ்சம் கனமா எடு. குறி பார்த்துப் பழகவும் அதுதான் தோது."

அதே வாயா இது?

"எனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா மேடம்?" என்றாள் டெஸ்ஸா. "நான் வாயாடறேன், அதனால நான் கண்ணு. அவ பயந்தவ, அதனால அவ மூஞ்சி சரியில்ல. பயந்தவளுக்குத்தானே காவல் வேணும்? தைரியசாலிக்கு எதுக்குத் துப்பாக்கி?"

வெர்னா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைத்தான் கேக்கறேன்! ஒரு பொம்பளையா இருந்துகிட்டு, புருஷன் முன்னாடியே இன்னொரு பொம்பளையை இப்படி அசிங்கப்படுத்தலாமா? உங்க துப்பாக்கி எனக்கு வேணாம். நாப்பது மைல் போனாலும் வேற கடையில வாங்கிக்கறேன்."

வெளியே டேரலின் வண்டி சரளைக்கல்லை வாரி இறைத்துக்கொண்டு சாலையில் ஏறியது. வெர்னா போனை எடுத்தாள்.

"ஷெரீஃப் ஆபீஸா? வெர்னா பேசறேன். டேரல் இப்பதான் கிளம்பினான். கூட அவன் பொண்டாட்டி. கிழக்கே போறாங்க. சீக்கிரம் போங்க."

போனை வைத்துவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"போன மாசம் அவன் பேருக்கே துப்பாக்கி கேட்டு வந்தான். அந்தப் பொண்ணை அடிச்ச கேஸ்ல, அவன் துப்பாக்கியே தொடக் கூடாதுன்னு கோர்ட் சொல்லியிருக்கு. அதான் இன்னிக்கு அவ பேர்ல வாங்கப் பார்த்தான்."

"அப்போ அதை அவன் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே!" டெஸ்ஸா விடவில்லை. "தப்பு பண்ணவன் அவன். திட்டு மட்டும் அவளுக்கா?"

வெர்னா டிராயரைத் திறந்து, எழுதாத படிவம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். முதல் கேள்வியின் மேல் விரலை வைத்தாள்.

'இந்தத் துப்பாக்கியை உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா? ஆம் / இல்லை.'

"இங்க எல்லாருமே 'ஆம்'தான் போடுவாங்க. 'இல்லை'ன்னு போட்டா விக்க முடியாது. அவன் அவ தோள்ல கை போட்டு, துப்பாக்கிகளை வேடிக்கை பார்த்துட்டு நிக்கறப்பவே அந்தப் பொண்ணு 'இல்லை'ன்னு போட்டுக் குடுத்தா," என்றாள் வெர்னா. "நான் அவளைத் திட்டாம இருந்தா, ஏன் விக்க மாட்டேங்கறேன்னு அவன் அந்தத் தாளை வாங்கிப் படிச்சிருப்பான்."