மாடத்தியின் முகம்

குற்றம் செய்யப்போகிறவரை முகம் பார்த்தே சொல்லிவிடும் கேமரா எங்கள் காவல் நிலையத்துக்கு வந்தது. சோதித்துப் பார்க்க, பெருக்கிக்கொண்டிருந்த மாடத்தியைக் கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர். கூச்சத்தில் குனிந்தவளின் தாடையைப் பிடித்து நான்தான் நிமிர்த்தினேன். திரையில் சிவப்பாக நூற்றுக்கு எண்பத்தொன்று என்று வந்தது.

“ஏ மாடத்தி, எத களவாங்கப் போற? என் லத்தியவா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

“அழிச்சிருங்கய்யா. எம்மவ போலீஸ் பரீட்ச பாஸாயிருக்கா.”

“அழிக்கிற வசதி இதுல இல்லம்மா,” என்றான் கேமராவைக் கொண்டுவந்தவன், பஜ்ஜியை மென்றபடி.

மாடத்தி மீதி அறையையும் பெருக்கிவிட்டுத்தான் போனாள். அவள் முகத்து எண்ணெய் என் விரல்களில் பிசுபிசுத்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் மகளின் நன்னடத்தை விசாரணைத் தாள் என் மேசையில் இருந்தது. அதில் புதிதாக ஒரு கட்டம்: தாயின் மதிப்பெண். ஈரம் காயாத விரல்களால் பேனாவைத் திறந்தேன்.