கண்ணாடி வளையல்

மாலை ஆறரைக்குத் தூத்துக்குடி அரங்கில் விளக்குகள் அணைந்தன. மேடை வெளிச்சத்தில் நின்ற ஜெசிந்தாவின் வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது. அந்த முனையின் தசை துடிக்கும்போதெல்லாம், தோலுக்குள் பதித்த கருவி அரங்கு முழுக்கப் பறையொலி எழுப்பியது. அதுதான் அவளுடைய கலை.

பார்வையாளர்கள் அணிந்திருந்த மின்னணு மூக்குக்கண்ணாடிகள், ஒருவரின் உடலில் இல்லாத உறுப்புகளை வரைந்து காட்டுபவை. அவர்கள் கண்டது பத்து விரல்களோடு ஆடும் ஒரு பெண்ணை. முன்வரிசையில் அவளுடைய அம்மா ரோசம்மாள் இருந்தாள். கையைப் பறித்த விபத்துக்குப் பிறகு மகளைக் கண்ணாடி இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை.

"கண்ணாடியக் கழட்டச் சொல்லிராதீங்க மேடம், சனம் சங்கடப்படும்" என்று அரங்கு மேலாளர் ஜெசிந்தாவை முன்பே எச்சரித்திருந்தார்.

ஜெசிந்தா அம்மாவை மேடைக்கு அழைத்தாள். சிவப்புக் கண்ணாடி வளையல்களைக் கொடுத்துவிட்டு வலது கையை நீட்டினாள்.

"பூப்போல கைட்டி உனக்கு" என்றபடி ரோசம்மாள் முதல் வளையலைத் தன் கண்ணாடியில் தெரிந்த விரல்கள் வழியே ஏற்றிவிட்டாள். அது தரையில் விழுந்து நொறுங்கியது.

"ஏட்டி, கைய ஆட்டாத."

இரண்டாவதும் விழுந்தது. தசை துடித்தது. பறை அதிர்ந்தது.

"நான் ஆட்டலம்மா. இன்னும் ஒரு டஜன் இருக்கு. கண்ணாடியோட போடுதியா, கழட்டிட்டுப் போடுதியா?"